கடைமடை வரை போகுமா ஒரு வருமானம்?

நாகூரைத் தாண்டி வடக்கே போனால் வாஞ்சூர். தமிழ்நாடு அங்கே முடிந்து காரைக்கால் தொடங்குகிறது. இரண்டு பக்கமும் ஒரே வண்டல், ஒரே சம்பா, கடலைத் தொடப்போகும் காவிரியின் ஒரே கிளையாறுகள். 2015 செப்டம்பரில் இந்தக் கோட்டின் இரு பக்கத்துக்கும் நடுவே ஒரு பெரிய வேறுபாடு முளைத்தது. நாகப்பட்டினம், திருவாரூர் பக்கம் குடும்ப அட்டைக்கு ரேஷன் கடையில் அரிசி தொடர்ந்தது. காரைக்கால் பக்கம் உணவு மானியத்தின் அரிசி நின்று, அதற்கு ஈடாக வங்கிக் கணக்கில் பணம் ஏறத் தொடங்கியது. உணவு மானியத்தைப் பணமாகக் கொடுத்துப் பார்க்க மத்திய அரசு தேர்ந்தெடுத்த ஒன்றியப் பகுதிகள் மூன்று: சண்டிகர், தாத்ரா நாகர் ஹவேலி, புதுச்சேரி. புதுச்சேரியோடு சேர்ந்து காரைக்காலும் அதில் வந்தது. காவிரிப் படுகையில் அரசே நடத்திய பணப் பரிமாற்றச் சோதனை ஒன்று உண்டென்றால் அது இதுதான். அடிப்படை வருமானம் பற்றித் தமிழில் நடக்கும் விவாதங்களில் இதன் பேச்சே வருவதில்லை என்பது எனக்கு வியப்பு.

அனைவருக்கும் அடிப்படை வருமானம் என்று பொருளியலாளர்கள் சொல்வது ஒரு குறிப்பிட்ட ஏற்பாட்டை. பணமாகத் தரவேண்டும், குடும்பத்தலைவர் கையில் மொத்தமாக அல்லாமல் ஆளுக்கு ஆள் தரவேண்டும், வேலை செய்தாயா, பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பினாயா என்று கேட்காமல் தரவேண்டும், ஏழை யார், வசதியானவர் யார் என்று பிரிக்காமல் தரவேண்டும், மாதம் தவறாமல் தரவேண்டும். இந்த அளவுகோலில் காரைக்கால் தேறாது. அங்கே பணம் கூடுதலாக வரவில்லை, அரிசியின் இடத்தில் வந்தது. ஆளுக்குப் போகாமல் அட்டைக்குப் போனது. டெல்டாவில் நடக்கும் மற்ற உதவித் திட்டங்களும் இப்படித்தான். ஒவ்வொன்றிலும் அடிப்படை வருமானத்தின் ஓரிரு இயல்புகள் இருக்கும், மற்றவை இருக்காது. முழு வடிவத்தை இங்கே யாரும் சோதித்ததில்லை. சோதிக்க வேண்டும் என்பதும், தஞ்சை வட்டாரம் அதற்கு மிகவும் ஏற்ற இடம் என்பதும், ரேஷன் அரிசியில் கை வைக்காமல் சோதிக்க வேண்டும் என்பதும் என் கருத்து.

காரைக்காலில் என்ன நடந்தது என்பதை முதலில் பார்க்கலாம். மூன்று ஒன்றியப் பகுதிகளிலும் முதல் ஆண்டு நடைமுறையைப் பொருளியலாளர்கள் கார்த்திக் முரளிதரன், பால் நீஹவுஸ், சந்தீப் சுக்தங்கர் ஆகியோரின் குழு தொடர்ந்து கண்காணித்தது. தொடக்கத்தில் குழப்பம். எந்தக் கணக்கில் பணம் ஏறியது என்று தெரியாமல் பலர் நின்றார்கள். வங்கிக்குப் போய்வரும் செலவும் நேரமும் மானியத்தைத் தின்றன. கொடுத்த தொகை, அதே அளவு அரிசியைக் கடையில் வாங்கப் போதவில்லை. மாதங்கள் போகப் போகப் பணத்தை விரும்பியவர்களின் பங்கு கூடியது என்பதையும் அந்த ஆய்வு பதிவு செய்திருக்கிறது. அதை மறைத்துப் பேசுவது நேர்மையாகாது. ஆனால் அதில் என்னை அதிகம் யோசிக்க வைத்த செய்தி வேறு. பணம் போய்ச் சேரவில்லை என்று அரசு ஆவணம் காட்டியது நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவு. வீட்டு வாசலில் கேட்டபோது ஏறத்தாழ ஐந்தில் ஒரு குடும்பம் தனக்கு வரவில்லை என்றது.

இந்த இடைவெளி பொய்யால் வந்ததல்ல. பணம் வேறொரு பழைய கணக்கில் ஏறியிருக்கலாம். குறுஞ்செய்தி வராத கைபேசியாக இருக்கலாம். குறைந்தபட்ச இருப்புக்கு வங்கி பிடித்திருக்கலாம். வந்த பணம் எதற்கு வந்ததென்று தெரியாமலும் இருக்கலாம். மேட்டூர் அணையில் எத்தனை கன அடி திறந்தார்கள் என்ற கணக்கை வைத்துக் கடைமடையில் உள்ள தலைஞாயிறு வாய்க்கால் நனைந்ததா என்று சொல்ல முடியாது. எந்தச் சோதனையிலும் அனுப்பியவர் கணக்கும் பெற்றவர் கணக்கும் தனித்தனியே எடுக்கப்பட வேண்டும் என்பதைக் காரைக்கால் கற்றுக்கொடுத்திருக்கிறது.

அடுத்து வந்த ஆண்டுகளில் இந்தச் சோதனை அரசியல் வழக்காகவும் மாறியது. புதுச்சேரி அரசு தன் செலவில் கொடுத்துவந்த இலவச அரிசியையும் பணமாகத்தான் தரவேண்டும் என்று துணைநிலை ஆளுநர் கிரண் பேடி நின்றார். அரிசியாகவே தருவோம் என்று முதலமைச்சர் நாராயணசாமி நின்றார். வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் வரை போய், 2020 பிப்ரவரியில் முதலமைச்சரின் மனு தள்ளுபடியானது. ரேஷன் கடைகள் மூடிக் கிடந்தன, ஊழியர்கள் சம்பளமின்றிப் போராடினார்கள். கடையைத் திற என்பது தேர்தல்தோறும் கோரிக்கையாக வந்தது. 2024 தீபாவளியை ஒட்டி அரிசியும் சர்க்கரையும் வழங்கக் கடைகளைத் திறந்தார்கள். பணம் வேண்டுமா அரிசி வேண்டுமா என்பதை இத்தனை ஆண்டுகளில் மக்களிடம் முறையாகக் கேட்டு முடிவெடுத்ததாகச் சொல்ல முடியாது.

பணமா பொருளா என்ற இந்தக் கேள்விக்கு நாடு முழுவதற்கும் ஒரே பதில் கிடையாது. 2011-ல் பொருளியலாளர் ரீத்திகா கேரா ஒன்பது மாநிலங்களில் நடத்திய கணக்கெடுப்பில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் பொருளையே கேட்டார்கள். ரேஷன் ஒழுங்காக நடக்கும் மாநிலங்களில் பொருளுக்கு ஆதரவு கூடுதல். அது சீர்கெட்டிருந்த பீகாரில் பணத்துக்கு ஆதரவு. தமிழ்நாட்டில் ரேஷன் எல்லாருக்கும் பொது. மத்திய அரசு 1997-ல் வறுமைக்கோட்டுக்கு மேல், கீழ் என்று பிரித்தபோதும் இந்த மாநிலம் பிரிக்கவில்லை. 2011 ஜூன் முதல் அரிசி இலவசம். தகுதி பார்க்காமல் எல்லாருக்கும் என்ற கொள்கைக்கு உலகத்தில் எங்கெங்கோ உதாரணம் தேடுகிறவர்கள், தங்கள் தெருமுனைக் கடையையே பார்க்கலாம்.

தஞ்சை, திருவாரூர், நாகை, மயிலாடுதுறை மாவட்டங்களில் ரேஷன் அரிசிக்கு இன்னொரு முகமும் இருக்கிறது. இங்கே அது வாங்குகிற பொருள் மட்டுமல்ல, விற்கிற பொருளும்கூட. தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகம் ஊருக்கு ஊர் திறக்கும் நேரடி நெல் கொள்முதல் நிலையங்களில் போடும் நெல்தான் அரைக்கப்பட்டுக் கடைக்குத் திரும்புகிறது. ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டிவிட்டது என்று நெல்லைத் திருப்பி, சாலையோரம் குவியல் குவியலாகக் காத்துக்கிடக்க வைக்கிறார்கள் என்ற குறை அறுவடைதோறும் உண்டு. ஆனாலும் அந்த நிலையம் இல்லாவிட்டால் வியாபாரி சொன்னதே விலை. அரிசிக்குப் பதில் பணம் என்று மாநிலம் முழுக்க மாறினால் அரசு இவ்வளவு நெல் வாங்க வேண்டிய காரணமே தேய்ந்துபோகும். கோயம்புத்தூரில் நின்று பார்த்தால் இது நுகர்வோரின் பிரச்சினை. மன்னார்குடியில் நின்று பார்த்தால் உற்பத்தியாளர், நுகர்வோர் இரண்டு பேருடையதும். காரைக்கால் மாதிரியை டெல்டாவின் மற்ற பகுதிக்கு நீட்டக்கூடாது என்று நான் நினைப்பதற்கு இது முதன்மைக் காரணம்.

கூடுதலாகப் பணம் கொடுத்தால் என்ன நடக்கும் என்பதற்கு இந்தியாவில் இருக்கும் சிறந்த சான்று மத்தியப் பிரதேசத்தில் கிடைத்தது. 2011–12-ல் பெண் தொழிலாளர் சங்கமான சேவா, யூனிசெஃப் நிதியுதவியோடு, இந்தூர் வட்டாரத்தில் எட்டுக் கிராமங்களில் இருந்த எல்லாருக்கும் மாதந்தோறும் பணம் கொடுத்தது. பெரியவருக்கு 200 ரூபாய், குழந்தைக்கு 100. ஓராண்டுக்குப் பிறகு 300, 150 என்று உயர்த்தினார்கள். பணம் பெறாத பன்னிரண்டு கிராமங்களை ஒப்பீட்டுக்கு வைத்தார்கள். ஒரு பழங்குடிக் கிராமத்திலும் தனியே நடத்தினார்கள். ரேஷன் உட்பட எதையும் நிறுத்தவில்லை. குழந்தைகளின் எடை தேறியது, பெண் பிள்ளைகளின் பள்ளி வருகை கூடியது, ஆடு மாடு வாங்கினார்கள், கடன் சுமை இறங்கியது. பிறர் வயலில் கூலிக்குப் போனவர்கள் தங்கள் சொந்த நிலத்தில் அதிக நேரம் உழைக்கத் தொடங்கினார்கள். சரத் தவலா, ரெனானா ஜாப்வாலா, சௌம்யா கபூர் மேத்தா, கை ஸ்டாண்டிங் நால்வரும் 2015-ல் இதை நூலாக வெளியிட்டார்கள்.

இந்த முடிவுகளைத் தூக்கிவந்து தஞ்சாவூரில் வைத்துப் பேச முடியாது. அந்தக் கிராமங்களில் கூலிக்காரர் பலருக்கும் வறண்டதோ சிறியதோ, திரும்பிப் போக ஒரு துண்டு நிலம் இருந்தது. கீழத்தஞ்சையின் விவசாயத் தொழிலாளியின் நிலை அது அல்ல. பெரும்பாலும் தலித்துகளான அவர்களுக்குத் தலைமுறை தலைமுறையாகச் சொந்த நிலம் இல்லை. சென்னைப் பல்கலைக்கழகத்தின் கில்பர்ட் ஸ்லேட்டர் நூறாண்டுக்கு முன் தன் மாணவர்களைக் கொண்டு ஆராய்ந்த ஊர்களில் கீழத்தஞ்சைப் பாலக்குறிச்சியும் ஒன்று. அந்தக் காலம் தொட்டு இந்த வட்டாரத்தைப் படித்தவர்கள் எல்லாரும் கண்டது இந்த நிலமின்மையைத்தான். மாதம் ஒரு தொகை கையில் வந்தால் இந்தூர்க்காரர் தன் வயலுக்குத் திரும்பினார். கீழ்வேளூர்க்காரர் எங்கே திரும்புவார்? ஆடு வளர்ப்பாரா, குத்தகைக்கு இரண்டு மா நிலம் பிடிப்பாரா, திருப்பூருக்குப் போன மகனைத் திரும்ப அழைப்பாரா, நகையை மீட்பாரா? இதைச் சோதித்துத்தான் அறிய முடியும். டெல்டாவுக்கென்று தனிச் சோதனை வேண்டும் என்பதன் அடிப்படை இதுவே.

சும்மா காசு கொடுத்தால் ஆள் வேலைக்கு வராது என்ற குரல் இங்கே வலுவானது. நூறு நாள் வேலைத் திட்டம் 2006-ல் முதற்கட்டமாக நாகப்பட்டினத்துக்கு வந்தபோதே அது எழுந்தது. மறு ஆண்டு தஞ்சாவூர், திருவாரூருக்கு வந்தபோது இன்னும் உரக்கக் கேட்டது. உலக அளவில் இந்தக் கேள்விக்கு ஓரளவு தெளிவான விடை இருக்கிறது. பொருளியலாளர் அபிஜித் பானர்ஜி உள்ளிட்ட நால்வர் ஆறு வளரும் நாடுகளின் ஏழு பண உதவித் திட்டங்களை ஆராய்ந்து, உதவி பெற்றதால் வேலை குறைந்ததற்குச் சீரான சான்று எதுவும் இல்லை என்று 2017-ல் எழுதினார்கள். பணக்கார நாடுகளில் சிறு குறைவு தெரிகிறது: அமெரிக்காவில் மாதம் 1,000 டாலர் வீதம் மூன்றாண்டு கொடுத்த ஒரு சோதனையில், பெற்றவர்கள் வாரத்துக்கு ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாகக் குறைத்து வேலை செய்தார்கள்.

ஆனால் டெல்டாவில் இந்தக் கேள்விக்கு வரலாறு உண்டு. 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 பேர் எரிக்கப்பட்டதற்குப் பின்னால் இருந்தது கூலி நெல்லை உயர்த்திக் கேட்ட போராட்டம். அதன் பிறகு கூலித் தகராறுகளை ஆராயக் கணபதியா பிள்ளை ஆணையம் வந்தது, 1969-ல் நியாயக் கூலிச் சட்டம் வந்தது. அதற்கு முன் 1952-ல் குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் தஞ்சாவூருக்கென்றே கொண்டுவரப்பட்டது. இந்த மண்ணில் ‘ஆள் வரமாட்டான்’ என்ற கவலைக்கு உள்ளே, கேட்ட கூலிக்கு வரமாட்டான் என்ற கவலை எப்போதும் சேர்ந்தே இருந்திருக்கிறது. மாதம் ஒரு தொகை உறுதியாக வந்தால் நடவுக்குப் போகும் பெண் குறைந்த கூலியை மறுக்க முடியும். அவர் மறுப்பாரா, கூலி ஏறுமா, ஏறினால் சிறு குத்தகைதாரர் தாங்குவாரா, அல்லது நடவு இயந்திரமும் நேரடி விதைப்பும் இன்னும் வேகமாக வருமா என்பவை உண்மையான கேள்விகள். குத்தகைதாரரின் பயமும் நியாயமானது, அவரும் ஏழைதான். அவருக்கும் அதே தொகை போகும்போது கணக்கு எப்படி நிற்கிறது என்று பார்க்கவேண்டும்.

குத்தகை என்ற சொல் வந்தபிறகு, இந்தியாவின் மற்ற பணத் திட்டங்கள் டெல்டாவில் எங்கே இடறுகின்றன என்பது விளங்கும். பிரதமரின் கிசான் திட்டம் 2019 பிப்ரவரியில் தொடங்கியது: ஆண்டுக்கு 6,000 ரூபாய், மூன்று தவணை. பட்டா யார் பெயரில் இருக்கிறதோ அவருக்குத்தான் பணம். தெலங்கானா 2018-ல் கொண்டுவந்த ரைத்து பந்து ஏக்கருக்குப் பருவத்துக்கு 4,000 ரூபாயில் தொடங்கியது. அதிக நிலத்துக்கு அதிகப் பணம், குத்தகைதாரருக்கு ஒன்றுமில்லை. ஒடிசாவின் காலியா திட்டம் மட்டும் விளைச்சலில் பங்குக்கு உழுபவரையும் நிலமற்றவரையும் உள்ளே கொண்டுவர முயன்றது. தஞ்சையிலோ கோயிலுக்கும் மடத்துக்கும் பெரும்பரப்பு. சென்னையிலும் வெளிநாட்டிலும் இருக்கும் குடும்பங்களுக்கு இன்னொரு பங்கு. உழுகிறவரிடம் வாய்ப்பேச்சுக் குத்தகை. குத்தகை உரிமையைப் பதிவு செய்ய 1969-லேயே சட்டம் வந்தும், புதிதாகப் பதிய நிலக்காரர் சம்மதிப்பது அரிது. வெள்ள நிவாரணமோ பயிர்க் காப்பீடோ கொள்முதல் நிலையப் பதிவோ, எதுவானாலும் அடங்கலுக்காக வி.ஏ.ஓ. அலுவலகத்தின் முன் நிற்கும்போது உழுதவர் யார் என்ற கேள்வி திரும்பத் திரும்ப எழுகிறது.

பட்டியல் போட்டால் தகுதியற்றவர் நுழைவதும் நடக்கும். கிசான் திட்டத்தில் தமிழ்நாட்டில் விவசாயிகளே அல்லாத பலரின் பெயரில் சுமார் 110 கோடி ரூபாய் போயிருப்பது 2020-ல் வெளிவந்தது. பாடுபட்ட குத்தகைதாரர் வெளியே நிற்க, வயலே இல்லாதவர் கணக்கில் பணம் ஏறியது. தகுதி பார்ப்பது சிக்கனம் என்று நம்புகிறவர்கள் இந்த இரண்டையும் ஒருசேர எண்ணிப்பார்க்க வேண்டும்.

நிலத்தை விட்டுப் பெண்ணை மையமாக வைத்த கலைஞர் மகளிர் உரிமைத் தொகை இந்த வகையில் ஒரு பெரிய அடி. 2023 செப்டம்பர் 15 அன்று காஞ்சிபுரத்தில் தொடங்கியபோது 1.06 கோடிப் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய். எப்படிச் செலவழித்தாய் என்று யாரும் கேட்பதில்லை. உதவி என்று சொல்லாமல் உரிமை என்று பெயர் வைத்ததையும், வீட்டில் பெண் செய்யும் கூலியில்லா வேலையை அங்கீகரிப்பதாக அரசே சொன்னதையும் நான் மனமார வரவேற்கிறேன். ஆனால் 1.63 கோடிப் பேர் விண்ணப்பித்ததில் ஐம்பது லட்சத்துக்கு மேற்பட்டோர் முதல் சுற்றில் தள்ளப்பட்டார்கள். பிறகு மேல்முறையீடும் விரிவாக்கமும் வந்தன. ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள், மின்சாரம் ஆண்டுக்கு 3,600 யூனிட்டுக்குள், நஞ்சை ஐந்து ஏக்கருக்குள், நான்கு சக்கர வாகனம் கூடாது என்று நிபந்தனைகள். ஐந்து ஏக்கர் நஞ்சை என்பது டெல்டாக் கணக்கில் பதினைந்து மா. பாபநாசத்தில் ஆற்றுப்பாசனமும் போர்செட்டும் உள்ள பதினைந்து மாவும், வேதாரண்யம் பக்கம் உப்பு ஏறிய பதினைந்து மாவும் பட்டாவில் ஒன்றுபோலத்தான் இருக்கும். அண்ணன் தம்பிகளுக்குள் பிரிக்காத கூட்டுப் பட்டாவுக்கும் இதே சங்கடம்.

பிரிக்காமல் கொடுப்பது தமிழ்நாட்டால் முடியாத காரியமும் இல்லை. 2021 மே, ஜூன் மாதங்களில் கொரோனா நிவாரணமாக 2.07 கோடி அரிசி அட்டைகளுக்குத் தலா 4,000 ரூபாயை இரண்டு தவணையாக ரேஷன் கடை வழியே கையில் கொடுத்தார்கள். பொங்கலுக்குப் பல ஆண்டுகளில் அதே வழியில் பணம் வந்திருக்கிறது. வரிசையில் நின்று, ஒரே கடையில் வசதியானவரும் இல்லாதவரும் வாங்கினார்கள்.

வெளிநாட்டுச் சோதனைகளில் நமக்குப் பயன்படுவதை மட்டும் சொல்கிறேன். பின்லாந்து 2017, 2018-ல் வேலையற்ற 2,000 பேருக்கு மாதம் 560 யூரோ கொடுத்தது. வேலை சற்றே கூடியது, மன நிம்மதி தெளிவாகக் கூடியது. ஆனால் நாடெங்கும் சிதறிய தனிநபர்களுக்குக் கொடுத்ததால் ஊர் எப்படி மாறும் என்று அதில் பார்க்க இயலாது. கனடாவின் டாஃபின் ஊரில் 1970-களில் ஊர் முழுவதற்கும் வருமான உறுதி இருந்த காலத்தில் மருத்துவமனைச் சேர்க்கை 8.5 சதவீதம் குறைந்ததைப் பொருளியலாளர் ஈவ்லின் ஃபோர்ஜே பல பத்தாண்டுகள் கழித்துத்தான் கண்டுபிடித்தார்; இடையில் அந்தச் சோதனையின் ஆவணங்கள் பெட்டிகளில் தூங்கின. ஒண்டாரியோவில் 2017-ல் தொடங்கிய சோதனையை அடுத்த ஆண்டே ஆட்சி மாறியதும் நிறுத்தினார்கள்.

கென்யாவில் கிவ்டைரக்ட்லி என்ற தொண்டு நிறுவனம் நடத்துவது இவற்றில் பெரியது. சில கிராமங்களுக்குப் பன்னிரண்டு ஆண்டுகள் மாதாமாதம், சிலவற்றுக்கு இரண்டு ஆண்டுகள் மட்டும், சிலவற்றுக்கு ஒரே தவணையில் மொத்தமாக. மொத்தமாகப் பெற்றவர்கள் சிறு தொழில் தொடங்கியதில் முந்தினார்கள். ஆனால் நெடுங்காலம் வரும் என்ற நம்பிக்கை உள்ளவர்கள் தங்களுக்குள் சீட்டுக் கட்டி மாதப் பணத்தையே மொத்தப் பணமாக்கிக்கொண்டார்கள். மாதச்சீட்டும் மகளிர் குழுவும் உள்ள நம் ஊர்களில் இது நடக்கும் என்று எதிர்பார்க்கலாம். அதே நாட்டில் வேறொரு ஆய்வு, ஏராளமான பணம் ஒரு வட்டாரத்தில் இறங்கியும் விலைவாசி ஏறக்குறைய அசையவில்லை என்று காட்டியது. நெல் குத்தகை விலையும் அசையாமல் இருக்குமா என்பதற்கு அங்கே விடையில்லை. நிலக்காரரிடம் பேரம் பேசும் வலிமை குறைந்த குத்தகைதாரருக்கு வரும் பணத்தில் ஒரு பகுதி குத்தகையாகவே மேலேறிவிடலாம் என்பது என் பெரிய கவலை.

செலவு பற்றி ஒளிக்காமல் பேசவேண்டும். 2017 ஜனவரி 31 அன்று வெளியான மத்திய பொருளாதார ஆய்வறிக்கையில் அன்றைய தலைமைப் பொருளாதார ஆலோசகர் அரவிந்த் சுப்பிரமணியன் ஒரு முழு அத்தியாயத்தை இதற்கு ஒதுக்கினார். தலைக்கு ஆண்டுக்கு 7,620 ரூபாய், மக்கள்தொகையில் 75 சதவீதத்தினருக்கு; நாட்டின் உற்பத்தி மதிப்பில் 4.9 சதவீதம் ஆகும் என்று கணக்கிட்டார். இருக்கும் மானியங்களை மடக்கித்தான் அதற்கு நிதி தேடவேண்டும் என்ற எண்ணமும் அதில் இருந்தது. தமிழ்நாட்டின் கணக்கு இப்படி வரும்: ஆறு கோடி வாக்காளர்களுக்கு மாதம் 1,000 ரூபாய் என்றால் ஆண்டுக்கு 72,000 கோடி. மாநில அரசின் ஆண்டு வருவாய் வரவு மூன்று லட்சம் கோடியை ஒட்டியது. அதில் நான்கில் ஒரு பங்கு இதற்கே போகும். சம்பளம், ஓய்வூதியம், வட்டி போக மிஞ்சுவதில் இது மாநிலத்தால் தனியாகச் சுமக்க முடியாத சுமை. மத்திய அரசு தோள் கொடுக்காமல் அனைவருக்கும் என்பது நடக்காது என்றே நினைக்கிறேன். அதனாலேயே சோதனை அவசியம். ரேஷனையும் பள்ளி மதிய உணவையும் மடக்கிப் பணமாக்கலாம் என்று யாராவது வரும்போது எதிர்த்து நிற்கச் சான்று வேண்டும். மடக்காமல் கூடுதலாகக் கொடுத்தால் என்ன பயன் என்று காட்டவும் சான்று வேண்டும்.

சோதனைக்கு ஆகும் செலவு பெரிதல்ல. இருபதாயிரம் பேர் வாழும் ஊராட்சிகளை எடுத்துக்கொள்வோம்; பதினைந்தாயிரம் பெரியவர், ஐந்தாயிரம் குழந்தைகள். பெரியவருக்கு மாதம் 1,500 ரூபாய், குழந்தைக்கு 750, தாயின் கணக்கில். இரண்டு பிள்ளைகள் உள்ள குடும்பத்துக்கு மாதம் 4,500 வரும். ஆண்டுக்கு 31.5 கோடி, மூன்றாண்டுக்கு 94.5 கோடி. கணக்கெடுப்புச் செலவையும் சேர்த்தால், 2020-ல் போலிப் பெயர்களுக்குப் போன தொகையின் அளவில் அடங்கிவிடும். ஊராட்சியில் குடியிருக்கும் எல்லாருக்கும் தரவேண்டும்: மிராசுதார் வீட்டுக்கும், குடியானவத் தெருவுக்கும், காலனிக்கும். வசதியானவர்கள் வேண்டாம் என்று எழுதிக்கொடுக்கலாம். அவர்களைத் தேடிப் பிரிக்கும் வேலை அலுவலர்களுக்கு வேண்டாம். ரேஷனும் மகளிர் உரிமைத் தொகையும் முதியோர் ஓய்வூதியமும் சோதனை ஊர்களிலும் ஒப்பீட்டு ஊர்களிலும் அப்படியே தொடரவேண்டும்.

ஊர்களைத் தேர்ந்தெடுக்கும்போது தண்ணீரைக் கணக்கில் எடுக்காவிட்டால் முடிவு எதற்கும் உதவாது. கும்பகோணம், பாபநாசம் பக்கம் ஒரு தொகுதி, திருத்துறைப்பூண்டி, தலைஞாயிறு பக்கம் கடைமடையில் ஒரு தொகுதி, புதுச்சேரி அரசு ஒத்துக்கொண்டால் திருநள்ளாறு, நெடுங்காடு கொம்யூன்களில் ஒரு தொகுதி. காரைக்காலைச் சேர்த்தால் அரிசியோடு பணம், அரிசிக்குப் பதில் பணம் இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்து அளக்கலாம். மூன்றாண்டுக்குக் குறையக் கூடாது. 2012 முதல் 2019 வரை ஒரு முறைகூட மேட்டூர் அணையை வழக்கமான நாளான ஜூன் 12-ல் திறக்கவில்லை. 2023-ல் நாள் தவறாமல் திறந்தும் குறுவை பல இடங்களில் காய்ந்தது. 2024-ல் ஜூலை இறுதிதான். 2018 நவம்பர் 16 விடியலில் கஜா புயல் ஒரே இரவில் ஒரு வட்டாரத்தின் தென்னையைச் சாய்த்தது. ஓராண்டுச் சோதனை நல்ல ஆண்டில் விழுந்தால் பணத்துக்குப் பெருமை, கெட்ட ஆண்டில் விழுந்தால் பழி.

என்ன அளக்கவேண்டும் என்பதிலும் டெல்டாவுக்கு முன்னுரிமை வேறு. குழந்தையின் எடையும் பெண்ணின் இரத்தசோகையும் எங்கும் அளக்க வேண்டியவை. இங்கே கூடுதலாக மாவுக்கு எத்தனை மூட்டை குத்தகை, நடவுக் கூலி எவ்வளவு, எத்தனை ஆண்கள் எந்த மாதம் திருப்பூருக்கும் சென்னைக்கும் போனார்கள், குழுக்கடன் தவணைக்கு வாரந்தோறும் எவ்வளவு போகிறது, அடகுக் கடையில் எத்தனை நகை என்பதையும் ஊர்தோறும் பதியவேண்டும். கணக்கெடுப்பவர்கள் பணம் கொடுக்கும் துறையைச் சேராதவர்களாக இருக்கவேண்டும். தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகமும் திருவாரூரில் உள்ள மத்தியப் பல்கலைக்கழகமும் அருகிலேயே இருக்கின்றன. பெயர், விலாசம் நீக்கிய தரவை ஆண்டுதோறும் வெளியிட வேண்டும்; டாஃபின் ஆவணங்களுக்கு நேர்ந்தது இதற்கு நேரக்கூடாது. ஆட்சி மாறினாலும் நிற்காதபடி மூன்றாண்டுப் பணத்தையும் முதல் நாளே தனிக் கணக்கில் ஒதுக்கவேண்டும். எந்த மாதம் நிற்கும் என்பதை மக்களுக்குத் தொடக்கத்திலேயே சொல்லவேண்டும்; மாதம் வந்த பணம் முன்னறிவிப்பின்றி நின்றால், அதை நம்பிக் கடன் வாங்கியவர் முன்பைவிட மோசமான நிலைக்குப் போவார்.

முதல் தவணை எப்போது போகவேண்டும் என்பதிலும் எனக்கு உறுதியான கருத்து உண்டு. நிதியாண்டு தொடங்கும் ஏப்ரலில் தொடங்குவதுதான் அலுவலக வழக்கம். டெல்டாவில் சம்பா நடவு முடிந்து கூலி நின்றுபோய், வடகிழக்கு மழை பிடித்துக்கொண்டு, தை அறுவடைக்கு இன்னும் இரண்டரை மாதம் இருக்கும் காலம் ஐப்பசிப் பிற்பாதியும் கார்த்திகையும். கைமாற்றும் அடகும் குழுக்கடனும் பெருகுவது அப்போதுதான். ஐப்பசியில் முதல் தவணை போய்ச் சேர்ந்தால், அந்தக் கார்த்திகையில் யார் கடன் வாங்காமல் இருந்தார்கள், யார் அப்போதும் வாங்கினார்கள், ஏன் வாங்கினார்கள் என்பதைச் சோதனை தன் முதல் இரண்டு மாதத்திலேயே அறிந்துகொள்ளும்.